சான்றிதழ் கொடுத்தால் தலைவன் வந்துவிடுவானா?

சேலம், நாமக்கல் பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது "தலைமைப் பண்பு வளர்த்தல்" என்று ஒரு பயிலரங்கம் நடக்கும். கருத்தரங்கக் கூடத்தில் பேனர் கட்டியிருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, நினைவுப் பரிசு. பிறகு வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி வருவார். "எல்லாரும் எழுந்து நில்லுங்க, பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுங்க" என்பார். கழுகுக் கதை ஒன்று, யானைச் சங்கிலிக் கதை ஒன்று, அப்துல் கலாம் சொன்னதாக ஒரு வாசகம். மதியம் தக்காளி சாதமும் தயிர் சாதமும் பொட்டலம். மாலை நான்கு மணிக்குச் சான்றிதழ். கல்லூரிப் பேருந்து நாலரைக்குக் கிளம்பிவிடும் என்பதால் நன்றியுரையை மட்டும் யாரும் கேட்பதில்லை!

சரி, சான்றிதழ் வாங்கிய மாணவன் அடுத்த நாள் காலையில் என்ன செய்வான்? தன் துறைக் கட்டிடத்துக்குள் போவான். பழகிய அதே முகங்களோடு உட்காருவான். அதே பாடத்தின் அடுத்த அலகைக் குறிப்பெடுப்பான். பக்கத்துக் கட்டிடத்தில் இருப்பவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையையும் யாரும் உண்டாக்கவில்லை.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. தலைமை என்பது மைக் பிடித்தவரிடமிருந்து ஒரே நாளில் தொற்றிக்கொள்ளும் ஜுரம் இல்லை. தன்னைப் போலவே படித்த, தன்னைப் போலவே யோசிக்கும் ஐம்பது பேருக்கு நடுவில் இருப்பவனுக்குத் தலைமை தேவைப்படுவதே கிடையாது. வேறு பாடம் படித்தவன், வேறு கணக்குப் போடுபவன், வேறு பயம் உள்ளவன் எதிரில் உட்காரும்போதுதான் அது தேவைப்படுகிறது. அப்படி உட்கார வைப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் பயிலரங்கம் நடத்துவது, கிணற்றைத் தூர் வாராமல் வாளிக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி.

ஏட்டில் எல்லாம் இருக்கிறது

திட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல் தொடங்கியது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளுக்கும் அதுதான் தாய் வீடு. விருப்பப் பாட முறை வந்த பிறகு, இளங்கலை மாணவர் தன் துறைக்கு வெளியிலிருந்து ஒரு தாள் எடுத்துப் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதுகலையிலும் இப்படி ஒரு தாள் உண்டு. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு "ஜீவன் கௌஷல்" என்ற பெயரில் ஒரு வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் தலைமைத் திறனும் ஒரு பகுதி. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, பல்துறைக் கல்வி என்று பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறது. 2022-ல் தமிழக அரசு "நான் முதல்வன்" திட்டத்தைக் கொண்டுவந்து, கல்லூரிகளில் திறன் பயிற்சி வகுப்புகளைச் சேர்த்தது.

காகிதத்துக்குப் பஞ்சமே இல்லை. வகுப்பறையில் என்ன நடக்கிறது?

பல கல்லூரிகளில் இந்த விருப்பப் பாடத்தில் "விருப்பம்" என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. எந்தத் தாள் என்பதைத் துறை முடிவு செய்யும். வகுப்பு முழுவதும் அதையே எடுக்கும். வணிகவியல் மாணவர்கள் கூட்டமாகக் கணினி அடிப்படை படிப்பார்கள், கணினி மாணவர்கள் கூட்டமாக விளம்பரவியல் படிப்பார்கள். பாடம் மட்டும் மாறுகிறது, பக்கத்தில் உட்காருகிற ஆள் மாறுவதில்லை! தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பதினைந்து பக்க ஜெராக்ஸ் கைக்குக் கை போகும். இந்தத் தாளைப் பற்றி மாணவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "எது ஈசி?"

மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இந்தச் சமவெளியில் அவர்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்த்த விதம் அப்படி. ஒரு காலத்தில் நாமக்கல் மாவட்ட விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மாநில ரேங்க், மெடிக்கல் சீட், அண்ணா பல்கலைக்கழக சீட் என்று பெயர் பரவியது. அங்கே பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தையே இரண்டு வருடம் ஓட்டினார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. அதைத் தடுக்கத்தான் அரசு 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025-ல் அந்தத் தேர்வும் கைவிடப்பட்டது. ஆனால் அந்த இரண்டு வருடம் பிள்ளைகளின் மனதில் எழுதிய பாடம் அழியவில்லை: பரீட்சையில் வராதது பாடமே இல்லை.

இப்படி வளர்ந்த பிள்ளையிடம் "துறை தாண்டிப் படி" என்றால் அது ஒரு கூடுதல் தாளாக மட்டுமே தெரியும். வேறு எப்படித் தெரியும்?

ஊர் ஒரு துறையில் ஓடவில்லை

வேடிக்கை என்னவென்றால், கல்லூரி வாசலுக்கு வெளியே இருக்கும் ஊர் ஒரு நாளும் ஒரே துறையில் ஓடியதில்லை.

நாமக்கல் கோழிப்பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டைக்குள் எத்தனை பாடம் இருக்கிறது? மக்காச்சோளம் எங்கே விளைந்தது, சோயா விலை என்ன என்பது வேளாண்மையும் பொருளாதாரமும். கோழிக்கு நோய் வராமல் பார்ப்பது கால்நடை மருத்துவம். கொட்டகைச் சூட்டைக் குறைப்பது பொறியியல். முட்டை அட்டைகளை அடுக்கிக் கேரளாவுக்கு உடையாமல் அனுப்புவது போக்குவரத்து. வளைகுடா நாட்டுக்குக் கப்பலில் ஏற்றுவது ஏற்றுமதிச் சட்டம். காலையில் பேப்பரில் வரும் பண்ணைக் கொள்முதல் விலை தனி அரசியல்!

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து நாமக்கல் எங்கோ இருக்கிறது. ஆனால் ஜனங்கள் முட்டையைத் தொடப் பயந்தார்கள். விலை சரிந்தது, முட்டை தேங்கியது. அந்த நேரத்தில் தேவைப்பட்டது என்ன? நன்றாக வேகவைத்த முட்டையில் கிருமி பிழைக்காது என்று அறிவியல் தெரிந்தவர் ஒருவர். அதை ஒரு தாய்க்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர். தீவனக் கடனுக்கு வங்கியிடம் அவகாசம் கேட்கத் தெரிந்தவர் ஒருவர். இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, "முதலில் எதைச் செய்வது?" என்று முடிவெடுக்கத் தெரிந்தவர் ஒருவர். அந்த நாலாவது ஆளுக்குப் பெயர்தான் தலைவர். அந்த நாலாவது ஆளுக்கு எந்தத் துறையில் பட்டம் தருகிறார்கள்?

முட்டை மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயாப் பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, சேலத்து ஆட்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் இந்தியா முழுவதும் பூமியைத் துளைக்கின்றன. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறார்கள். இவை எல்லாம் இயந்திரம், வியாபாரம், வேதியியல், கடன், மொழி எல்லாம் தெரிந்தவர்கள் உண்டாக்கிய தொழில்கள். அப்பா ஐந்து துறை தெரிந்து தொழில் நடத்துகிறார். பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைக்கு ஒரு துறைதான் தெரிகிறது, அதுவும் அலகு அலகாக! இதைப் படிப்பு என்று எப்படிச் சொல்வது?

ஒரு சமவெளி, ஐந்து தாழ்ப்பாள்

இதற்கு ஆசிரியர்கள் மட்டும் காரணம் இல்லை. தமிழ்நாட்டு உயர்கல்வியின் கட்டடமே அப்படித்தான் எழும்பியிருக்கிறது. வேளாண்மைக்கு 1971-ல் ஒரு பல்கலைக்கழகம். பொறியியலுக்கு 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம். கால்நடைக்கு 1989-ல் ஒன்று. சட்டத்துக்கு 1997-ல் ஒன்று. மருத்துவத்துக்கு எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம். மிச்சம் இருந்த கலையும் அறிவியலும் வட்டாரப் பல்கலைக்கழகங்களுக்கு.

இப்படிப் பிரித்ததில் நன்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு துறையிலும் ஆராய்ச்சி ஆழமாயிற்று. ஆனால் இந்தச் சமவெளியில் அதன் விளைவைப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறது. சேலம் மருத்துவக் கல்லூரி இன்னொன்றைப் பார்க்கிறது. சட்டக் கல்லூரி வேறொன்றை. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கிறது, 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே நெடுஞ்சாலை. ஆனால் பாடத்திட்டம் வேறு, தேர்வு வேறு, கால அட்டவணை வேறு. டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் சந்தித்துக்கொள்ள வழி இல்லை.

தலைமைப் பயிற்சிக்கு வெளியூர் ஆளைக் கூப்பிடுகிற காசில், ரோட்டைத் தாண்டி இருப்பவர்களைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே பாதிக் காரியம் முடிந்துவிடும்.

சேலத்து வக்கீலுக்கு ரசாயனம் எதற்கு?

துறை தாண்டுவது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த பேஷன் என்று நினைப்பவர்கள் சேலத்துச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டலாம்.

1916-ல் சேலத்தில் ராஜாஜி ஒரு வக்கீல். நல்ல வருமானம். அவருக்கும் ரசாயனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அறிவியலைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று நண்பர்களோடு சேர்ந்து கலைச்சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு ஒரு பத்திரிகையும் நடத்தினார். அடுத்த வருடமே சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். ஏறக்குறைய அதே சமயத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். பள்ளிக்கூடத்தில் சில வருடங்களே படித்தவர். ஆனால் தமிழ் எழுத்துகளை எளிமையாக்க வேண்டும் என்று 1935-ல் "குடி அரசு" இதழில் அதைச் செய்தே காட்டினார். அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ள 1978 ஆயிற்று. ஒருவர் சொல்லைப் பற்றிக் கவலைப்பட்டார், இன்னொருவர் எழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். இருவருமே அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்கள் இல்லை.

திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். அவர் 1935-ல் சேலத்தில் தொடங்கியது மாடர்ன் தியேட்டர்ஸ். அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. 1956-ல் வந்த "அலிபாபாவும் 40 திருடர்களும்" தமிழில் முழுநீள வண்ணப் படங்களுக்கு வழி திறந்தது.

ஒரு தீர்மானம் எத்தனை துறைகளைத் தொடும் என்பதற்கும் இந்த மாவட்டமே சாட்சி. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். குடிப்பழக்கம் சமூகப் பிரச்சினை. ஆனால் கள்ளுக்கடையை மூடினால் கஜானா காலியாகும். அந்தப் பள்ளத்தை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. குடும்பத்தில் தொடங்கிய விஷயம் கடைக்காரர் பில்லில் போய் முடிந்தது! சமூகவியல் மட்டும் படித்தவன் கடையை மூடச் சொல்வான். பொருளாதாரம் மட்டும் படித்தவன் மூடாதே என்பான். ஆட்சியில் இருப்பவன் இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது ராஜாஜி புகழ்பாட்டு ஆகிவிடும். கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே ராஜாஜி 1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சட்டம், இலக்கியம், நிர்வாகம் எல்லாம் தெரிந்த மனிதர். ஆனால் செருப்பு தைப்பவர் பிள்ளை செருப்புத்தான் தைக்க வேண்டுமா, துணி வெளுப்பவர் பிள்ளை வெளுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களை முதலிலேயே எதிரில் உட்கார வைத்து அவர் கேட்கவில்லை. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-ல் அவர் பதவியை விட்டுப் போனார், திட்டமும் போயிற்று.

பின்னால் வந்த காமராஜர் என்ன செய்தார்? கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையே அமைச்சராக்கினார். கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு மாதிரி விஷயம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 1956-ல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. "பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?" என்ற கல்விக் கேள்விக்குச் "சோறு இல்லை" என்பது பதில் என்றால், அது கல்வித்துறைக்கு வெளியே இருக்கும் பதில்!

இந்த இரண்டு கதையும் சேர்ந்தால்தான் பாடம் முழுதாகும். ஒரே தலைக்குள் பல துறை இருப்பது நல்லது, ஆனால் அது போதாது. பல துறை ஆட்கள் ஒரே மேசையில் இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்கிற காது வேண்டும். பல்துறைக் கல்வி என்ற பெயரில் ஒரு மாணவனுக்குப் பத்துப் பாடத்தைத் திணிப்பவர்களுக்கும் இதுதான் பதில். அவனுக்குத் தேவை பத்துப் பாடம் அல்ல, பத்து வகையான ஆட்கள்.

திருமணிமுத்தாற்றின் கரையில் ஒரு வகுப்பு

"பேசுவது சுலபம், என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம்.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்கு நடுவில் ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் கலக்கிறது திருமணிமுத்தாறு. பெயரில் மணியும் இருக்கிறது, முத்தும் இருக்கிறது. தண்ணீரில் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும்தான் இருக்கிறது. இந்த ஆற்றை ஒரு விருப்பப் பாடமாக வைத்துப் பாருங்கள். ஆறு துறையிலிருந்து ஆறு பேர், ஒரு செமஸ்டர், ஒரே ஒரு கேள்வி: இந்த ஆற்றுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

வேதியியல் மாணவி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பாள். "பட்டறைகளை உடனே மூட வேண்டும்" என்பாள். பொருளியல் மாணவன் பட்டறையில் கூலி வேலை செய்யும் குடும்பங்களைக் கணக்கெடுத்து வருவான். "மூடினால் இவர்கள் எங்கே போவார்கள்?" என்பான். விலங்கியல் மாணவன் கீழே பாசனக் கிணறுகளையும் மாடுகளையும் பார்த்துவிட்டு வந்து, "மூடாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?" என்பான். வரலாற்று மாணவி பழைய வரைபடத்தைத் தேடி, ஆற்றோடு சேர்ந்திருந்த ஏரிகளும் வாய்க்கால்களும் எங்கே போயின என்று கேட்பாள். சட்ட மாணவர் யாருக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று பார்ப்பார். தமிழ் மாணவன் இவர்கள் எழுதிய அறிக்கையைக் கரையோரத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி திருப்பி எழுதுவான். எழுதும்போதுதான் அறிக்கையின் பாதி இடங்கள் எழுதியவர்களுக்கே புரியவில்லை என்பது தெரியவரும்.

முதல் மாதம் சண்டைதான் நடக்கும். நடக்கட்டும்! அந்தச் சண்டையில்தான் சில விஷயங்கள் பழகும். தன் பாடத்தைக் கலைச்சொல் இல்லாமல் அடுத்தவனுக்குச் சொல்லப் பழகும். "இது எனக்குத் தெரியாது, நீ சொல்" என்று வெட்கப்படாமல் கேட்கப் பழகும். எல்லா விவரமும் கையில் வராதபோதும் ஒரு நாளில் முடிவெடுக்கப் பழகும். முடிவு தப்பாகிப் போனால் அடுத்தவன் தலையில் கட்டாமல் நிற்கப் பழகும். தலைமை என்று புத்தகத்தில் எழுதியிருப்பதெல்லாம் இந்த நான்கின் வேறு வேறு பெயர்கள். இவற்றில் எதையும் கை குலுக்கச் சொல்லிக் கற்றுத் தர முடியாது.

இது நடக்காத கனவும் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கையும் அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தவர். அவர் 1929-ல் அகமதாபாத் குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாத்தர் தாலுகாவின் கிராமங்களில் ஊர் ஊராகப் போனார். நிலம், மாடு, கடன், வரி, சாப்பாடு என்று வீட்டுக் கணக்கையே எடுத்தார். மாணவர்கள் எடுத்த அந்தக் கணக்கு, வரியால் நசுங்கிய விவசாயிகளுக்கான ஆதாரம் ஆயிற்று. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம். 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது அங்கே பாடத்தின் ஒரு பகுதி. சேலத்திலிருந்து சில மணி நேரப் பயணம்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

வரும் ஆட்சேபணைகள்

முதல் ஆட்சேபணை பழமொழியில் வரும். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பார்கள். உண்மைதான், மரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிற தச்சனுக்கு அது பொருந்தும். ஆனால் ஒரே ஒரு மரத்தைத் தெரிந்த தச்சனால் மாட்டு வண்டி செய்ய முடியுமா? சக்கரத்துக்கு ஒரு மரம், ஏர்க்காலுக்கு ஒரு மரம், நுகத்தடிக்கு ஒரு மரம். எந்த மரம் எதைத் தாங்கும் என்று தெரிந்தவன்தான் வண்டி செய்வான். தன் துறையை விட்டுவிடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. வேதியியல் மாணவி தன் வேதியியலை ஒழுங்காகப் படிக்காவிட்டால் ஆற்றங்கரையில் அவளால் யாருக்கும் உபயோகம் இல்லை. கையில் உளியே இல்லாதவனை யார் பட்டறைக்குக் கூப்பிடுவார்கள்?

இரண்டாவது ஆட்சேபணை வேலை. இதைச் சிரித்துக்கொண்டு ஒதுக்கிவிட முடியாது. இந்த நான்கு மாவட்டத்தில் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளில் ஏராளமானோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறார். "படிச்சு முடிச்சதும் வேலை கிடைக்குமா சார்?" என்று அவர்கள் கேட்பது நூற்றுக்கு நூறு நியாயம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் இது: ஒரு துறையின் ஒரு மென்பொருளை மட்டும் தெரிந்தவனின் வேலையைத்தான் அடுத்த மென்பொருள் வந்து முதலில் பறிக்கிறது. கணக்கும் தெரிந்து, களமும் தெரிந்து, நாலு பேரைக் கூட்டி வேலை வாங்கவும் தெரிந்தவனை எந்த ஊரிலும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் அப்பாவின் ஆபீஸிலேயே கிடைத்துவிடும். முதல் பட்டதாரிக்குக் கல்லூரியை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

மூன்றாவது ஆட்சேபணை, "காமராஜர் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்?" என்பது. எங்கும் படிக்கவில்லை. அவருக்குக் கட்சி அலுவலகமும் சிறைச்சாலையும் கிராமத்துச் சாலைகளும் பல்கலைக்கழகமாக இருந்தன. எல்லா வகை மனிதரும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். இன்றைய மாணவனுக்கு அந்த இடங்கள் இல்லை. பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல்கூட இல்லை. காலை எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்தில் ஏறி, மாலை இறங்குகிறவன் வேறு துறை ஆளை எங்கே சந்திப்பான்? அந்த இடத்தைப் பல்கலைக்கழகம்தான் உண்டாக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் சாதிச் சங்கமும் சினிமா ரசிகர் மன்றமும் உண்டாக்கித் தரும். தலைமைக்கு என்று ஒரு காலியிடம் இருந்தால் அது காலியாகவே இருக்காது.

அளவுக்கல் வந்த பிறகு படிக்க முடியாது

2018-ல் சென்னை - சேலம் எட்டு வழிச்சாலைக்கு வயல்களில் அளவுக்கல் நட்டார்கள். அந்தச் சாலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஒரே நாளில் விவசாயக் குடும்பங்கள் எத்தனை பாடம் படிக்க வேண்டியிருந்தது என்று பாருங்கள். சர்வே எண், நில எடுப்பு அறிவிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி, இழப்பீட்டுக் கணக்கு, தென்னைக்கும் கிணற்றுக்கும் மதிப்பு, நீதிமன்ற மனு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இரண்டு தீர்ப்பையும் படித்து, "நம் நிலத்துக்கு இதன் அர்த்தம் என்ன?" என்று வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியது யார்? அந்த வீட்டுப் பட்டதாரி. அந்த வீட்டில் ஒரு பி.காம். இருந்திருப்பான், பக்கத்து வீட்டில் ஒரு பி.எஸ்ஸி. தாவரவியல், எதிர் வீட்டில் ஒரு பி.இ. சிவில். மூன்று பேரும் சேர்ந்தால் அந்த ஊருக்குத் தேவையான பாதி விவரம் கையில் இருக்கும். ஆனால் மூன்று பேரும் படிக்கிற காலத்தில் ஒரு நாளாவது ஒரு காகிதத்தைச் சேர்ந்து படித்திருப்பார்களா?

இந்தச் சமவெளிக்கு இன்னும் நிறைய அளவுக்கற்கள் வரும். சாலையாக வரும், தொழிற்சாலையாக வரும், வறட்சியாக வரும், பறவைக் காய்ச்சலாக வரும். வந்த பிறகு பயிலரங்கம் நடத்த நேரம் இருக்காது.

பெரிய சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம். அடுத்த செமஸ்டருக்கு விருப்பப் பாடப் படிவம் வரும்போது மாணவர்கள் துறைத் தலைவரிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். இந்த வகுப்பில் வேறு துறை ஆட்கள் உட்காருவார்களா? இதில் ஊர்ப் பிரச்சினை ஒன்றாவது இருக்கிறதா? கடைசியில் நாங்கள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்து, அதை வெளியாட்கள் முன் சொல்ல வேண்டியிருக்குமா? மூன்றுக்கும் "இல்லை" என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியையும் பணிவோடு கேட்கலாம்:

"அப்படியானால் இது எதற்கு, சார்?"

கையெழுத்துப் போட்டு, வாங்கி, பைலில் வைத்துவிடும் பழக்கம் உள்ள ஊரில், இந்தக் கேள்வியை எழுந்து நின்று கேட்கிற மாணவிதான் அந்த வகுப்பின் முதல் தலைவர். அவளுக்குச் சான்றிதழ் யாரும் கொடுக்க வேண்டியதில்லை.